காரிருள் ராணி வில்லியான கதை

ஏம்மா, அந்தப் படமா பாக்குறீங்க?

இல்ல, அடுத்தவங்க போனை எட்டிப் பாக்குற பழக்கமெல்லாம் எனக்கு இல்ல. பக்கத்து சீட்டு, கண்ணு தானா போகுது. கடல் எந்திரிச்சு நிக்குது, செவப்பு உடுப்புக்காரன் ஓடி வர்றான், அந்தப் பொண்ணு இரும்புச் சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு முழிக்கிறா. எனக்குத் தெரியாதா? நீங்க பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல.

அவ குரல் எப்படி இருக்கு? நல்லாருக்கா? ஆமா, ஊரே அப்படித்தான் சொல்லுது. பேப்பர்லயும் எழுதிட்டானுங்க. காதுல இருந்து அதைக் கொஞ்சம் கழட்டுங்க. ரயிலு இப்பதான் தாம்பரம் தாண்டியிருக்கு. மதுரை போறவரைக்கும் அது எங்கயும் ஓடிறாது.

என் பேரு செண்பகவடிவு. பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. டிவில சாயந்திரம் அஞ்சரைக்கு 'மின்னல் ஐவர்'னு ஒண்ணு வருமே, ஜப்பான்காரன் எடுத்தது, தமிழ்ல பேச வச்சுப் போடுவாங்க. நீங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்திருப்பீங்க, உங்க வயசு அப்படித்தான் தெரியுது. அதுல காரிருள் ராணி? கறுப்பு இரும்பு முகமூடி போட்டுக்கிட்டு ஊரையே இருட்டுல முக்கப் பாப்பாளே? "மின்னல் ஐவரே! உங்கள் வெளிச்சம்தான் என் பசிக்குச் சோறு!" ஆங். பாத்தீங்களா, நிமிந்து உக்காந்துட்டீங்க.

நான்தான் அது. பதினோரு வருஷம்.

அந்தச் சிரிப்பும் நான்தான். ஜப்பான்காரன் எடுத்ததுல அவ சிரிக்கவே மாட்டா, தெரியுமா? சும்மா மரம் மாதிரி நிப்பா. முகமூடி மூடியிருக்கு, வாய் தெரியாது, உதட்டுக்கு ஒட்டணும்கிற கவலை இல்ல. முத நாளே நானா ஒரு சிரிப்பைப் போட்டேன். அடிவயித்துல இருந்து கெளம்பி, தொண்டையில உருண்டு, மேல போய் உடையும். மைக்குக்கு அந்தப் பக்கம் வில்சன் இருந்தான், சவுண்டு என்ஜினியர். காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி எறிஞ்சுட்டான். அப்புறம் தெருவுக்குத் தெரு பிள்ளைங்க அந்தச் சிரிப்பைத்தான் சிரிச்சுதுங்க. சாலிகிராமத்துல மாவு மில்லுக்காரர் என்னைப் பாத்தா "ராணி வந்தாச்சு"ம்பார்.

இப்ப நீங்க பாக்குறீங்களே, இது அதுக்கு முன்கதை. அவ ஏன் வில்லியானாங்கிற கதை. எனக்கு முதல்லேருந்தே இது புடிக்கல. வில்லிக்கு எதுக்குங்க கதை? பாம்பு கொத்துது. அது சின்ன வயசுல என்ன கஷ்டப்பட்டுச்சுன்னு யாராவது கேக்குறோமா?

கதையைச் சொல்லிடறேன், எப்படியும் பாதி பாத்துட்டீங்க. முகமூடி போடுறதுக்கு முன்னாடி அவ பேரு சாயோ. ஒரு துறைமுக ஊரு. கடல் உள்ள வராம பெரிய சுவர் கட்டி, அதுல இரும்புக் கதவு வச்சிருக்காங்க. அந்தக் கதவைத் தெறந்து மூடுற வேலை இவளுக்கு. தங்கச்சி ஒருத்தி, மியு. அவளுக்குச் சுவருக்கு வெளியே மீனை டப்பாவுல அடைக்கிற கம்பெனியில வேலை. அப்பா அம்மா கிடையாது. ஒருநாள் கடலுக்கு அடியிலேருந்து ஒரு பூதம் கெளம்புது. தண்ணி பனைமர உசரத்துக்கு வருது. ஐவர்ல ஒருத்தன், அந்தச் செவப்பு வீரன், ரேடியோவுல கத்துறான், கதவை மூடுன்னு. "என் தங்கச்சி வெளிய இருக்கா"ங்கிறா இவ. "உள்ள நாப்பதாயிரம் பேர் இருக்காங்க. நீ மூடு. உன் தங்கச்சியை நான் தூக்கிட்டு வர்றேன்"கிறான் அவன்.

மூடுறா. கதவு கிட்டத்தட்ட மூடியாச்சு, ஒரு கை அகலம்தான் பாக்கி, அப்ப தங்கச்சி ஓடி வந்து அந்தச் சந்துல நிக்குறா. அக்காங்கிறா. இவ நெனச்சா நிறுத்தலாம். நிறுத்தல. கதவு மூடிருச்சு. அந்தப் பக்கத்துலேருந்து தட்டுற சத்தம். அப்புறம் அதுவும் இல்ல. செவப்பு வீரன் ரெண்டு பேரைத் தூக்கிட்டு வர்றான். ரெண்டும் வேற யாரோ.

சரி, இதோட அவளுக்குப் பைத்தியம் புடிச்சுதுன்னு வச்சிருந்தா ஒத்துக்கலாம். அப்படியில்ல. ஊர் கூடி அவளுக்குப் பதக்கம் குத்துது. எல்லாரும் குனிஞ்சு கும்புடுறாங்க. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை வையல. தங்கச்சியோட வேலை பாத்த பொண்ணோட அம்மா, அந்தப் பொண்ணும் செத்துப்போச்சு, அந்த அம்மா பழத்தட்டு கொண்டாந்து குடுக்குது. இவ செவப்பு வீரன் கால்ல விழுந்து கேக்குறா, "நான் செஞ்சது தப்புன்னு சொல்லுங்க." அவன், "நீ செஞ்சதுதான் சரி"ன்னுட்டுப் போயிடுறான். இவ நேரா போய் அந்தக் கதவு இரும்புல ஒரு தகட்டை வெட்டியெடுத்து முகமூடி அடிச்சு மாட்டிக்கிறா. அவ்ளோதான் கதை.

நீங்களே சொல்லுங்க. அவமானப்படுத்துனா ஒருத்தி கெட்டுப்போவா. அடிச்சா கெட்டுப்போவா. பதக்கம் குடுத்தா கெட்டுப்போவாளா? அதுக்கப்புறம் டிவில வருஷக்கணக்கா செவப்பு வீரன்தான் என் தங்கச்சியைக் கொன்னான், செவப்பு வீரன்தான் கொன்னான்னு ஒரே பாட்டு. அவன் சொன்னான், சரி. சக்கரத்தைத் திருப்புனது யாரு கை? தன் கையால செஞ்சுட்டு ஊரான் மேல பழி போடுற பொம்பளை. எனக்கு அந்தப் புத்தியே புடிபடாது. பதினோரு வருஷம் இது தெரியாம அவளுக்குக் குரல் குடுத்திருக்கேன் பாருங்க.

ஆனா கூப்புடுவாங்கன்னுதான் இருந்தேன். என்னை விட்டா யாரு?

அவளைப் பத்திச் சொல்லணும். தாட்சாயணி. இப்ப உங்க காதுல பேசுனாளே, அவதான். அவளும் நானும் சாலிகிராமத்துல ஒரே ரூம்ல இருந்தோம். நான் தென்காசிப் பக்கம், அவ சிதம்பரம். என்னைவிட ஆறு வயசு சின்னவ. ரெண்டு பேருக்கும் அப்ப கும்பல் குரல்தான். படத்துல சந்தை எரியும், "ஐயோ ஓடுங்க, ஓடுங்க"ன்னு பின்னாடி கத்துவாங்கல்ல, அந்த ஆளுங்க நாங்க. ஒரு நாளைக்கு மூணு ஸ்டுடியோ போய் ஓடுங்க ஓடுங்கன்னு நின்ன எடத்துலயே கத்துவோம்.

அப்பதான் மின்னல் ஐவர் வந்துச்சு. சம்பந்தம் சார்தான் டப்பிங் இன்சார்ஜ். எங்க ரெண்டு பேரையும் பேச வச்சுப் பாத்தார். காரிருள் ராணி அவளுக்குன்னுட்டார். எனக்கு ஒரு பேசும் பூனை.

நான் பொறாமைப்பட்டேன்னு நெனைக்காதீங்க. அன்னைக்கு அவளுக்குப் பால்கோவா வாங்கிக் குடுத்ததே நான்தான். ஆனா அவ தொண்டை சரியில்ல. உண்மையிலேயே சரியில்ல. கத்திக் கத்திக் கரகரன்னு ஆயிருந்துச்சு. டாக்டர் பாத்துட்டு லேசா வீக்கம், ஒரு வாரம் பேசாம இரு, தானா போயிரும்னார். நான்தான் கூடப் போனேன். வீக்கம்னு சொன்னாரா இல்லையா? சொன்னார். அப்ப நான் சம்பந்தம் சார்கிட்ட சொன்னதுல என்ன பொய்?

"சார், அவ தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணணுமாம். உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இருக்கா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். வாரத்துக்கு அஞ்சு நாள் அலறணும். நாளைக்குக் குரலே போச்சுன்னா யாரு பொறுப்பு? சம்பந்தம் சாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. நல்ல மனுஷன். பாவம், அந்தப் பொண்ணை அலைக்கழிக்க வேண்டாம், நீ பேசிருன்னார். நானா கேட்டேன்? அவரா குடுத்தார்.

அப்புறம் அந்தப் பேச்சு எப்படியோ மத்த ஸ்டுடியோவுக்கெல்லாம் போயிருச்சு. சினிமாக்காரங்க வாயி. அவளை யாரும் கூப்புடல. காலையில குளிச்சு, தலை பின்னி, போன் பக்கத்துல உக்காந்திருப்பா. "ஏங்கா, நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"ம்பா. நான்தான் ஆறுதல் சொல்லுவேன். வேலைக்குப் போய்ட்டு வந்து சமைச்சும் போடுவேன். மூணு மாசம்! கூடப் பொறந்தவ செய்வாளா? மிளகு ரசம் வச்சு, தொண்டைக்கு நல்லதுடி, குடின்னு கையில குடுப்பேன்.

அவ கடைசியில தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில போய் உக்காந்துட்டா. அறிவிப்பு சொல்ற வேலை. "வாடிக்கையாளர்களின் அன்பான கவனத்திற்கு, மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவு." "மஞ்சள் சட்டை அணிந்த குழந்தை தரைத்தளத்தில் உள்ளது." மாசச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு. கல்யாணமும் ஆச்சு. கும்பல்ல கத்துறதுக்கு அது எவ்வளவோ மேல். நான்தான் அவளுக்கு வழிகாட்டுனேன்னு வச்சுக்கங்களேன், சுத்தி வளைச்சுப் பாத்தா.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அதிரசம் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வருவா. உக்காந்து காபி குடிச்சுட்டுப் போவா. அதுல என்ன விஷம் இருந்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. அதுக்கு வர்றேன்.

இந்தப் படத்துக்கு மாதங்கின்னு ஒரு பொண்ணு. அதுதான் தமிழ் வசனம், அதுதான் இன்சார்ஜ். முப்பது வயசு இருக்கும், முடியைக் கத்தரிச்சு விட்டிருக்கும். கூப்புட்டுச்சு. போனேன். குரல் எடுத்து ஜப்பானுக்கு அனுப்பணும், பேர் போடாம, வெறும் நம்பர் போட்டு, அவங்கதான் தேர்ந்தெடுப்பாங்கன்னுச்சு. எனக்கே டெஸ்டா? சரி, சின்னப்புள்ள, தெரியாம செய்யுதுன்னு பேசிக் குடுத்துட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு போன். "மேடம், சாயோவுக்கு வேற ஒருத்தங்களைச் சொல்லிட்டாங்க. ஆனா கடைசிக் காட்சியில முகமூடி போட்ட உடனே உங்க சிரிப்பு வேணும்னு தியேட்டர்காரங்க ஆசைப்படுறாங்க. ஒரே ஒரு சிரிப்பு. வருவீங்களா?"

யாரும்மா அந்த வேற ஒருத்தங்கன்னேன். தாட்சாயணின்னுச்சு.

எந்தத் தாட்சாயணின்னேன், தெரிஞ்சுக்கிட்டே.

புடவை எடுக்கப் போன எடத்துல ஸ்பீக்கர்ல கேட்டுச்சாம். "காணாமப் போன குழந்தையோட அம்மாவைக் கூப்புட்டாங்க மேடம். அந்தக் குரல்ல அப்படி ஒரு நிதானம். நான் புடவையை அப்படியே வச்சுட்டு, யாரு பேசுறதுன்னு தேடிக்கிட்டு மாடி ஏறிட்டேன்"ங்குது. புடவைக் கடையில ஆள் புடிக்கிறாங்க! ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியுமா, நல்லது கெட்டது சொல்றதுக்கு?

போனேன். போகமாட்டேன்னு சொல்லியிருக்கணும். காலையில பத்து மணிக்குப் போய் வில்சன் பக்கத்துல உக்காந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கா, காதோரம் நரை. என்னைப் பாத்துக் கையைத் தூக்கி, "வாங்கக்கா"ன்னு வாயசைச்சா. கதவு மூடுற காட்சிதான் ஓடுது. நீங்க இப்ப நிறுத்தி வச்சிருக்கீங்களே, அதுக்கு அடுத்தது.

அந்தச் சந்துல தங்கச்சி வந்து நிக்குறா. நானா இருந்தா அங்க ஒரு கத்து கத்தியிருப்பேன், தியேட்டர் ஆடிப்போயிருக்கும். இவ என்ன செஞ்சா தெரியுமா? வசனமும் அப்படித்தான் எழுதி வச்சிருக்கு அந்தப் பொண்ணு. "கொஞ்சம் தள்ளி நில்லு மியு. விரல் மாட்டிக்கும்." அவ்வளவுதான். மூணாவது மாடியில பட்டுப் பிரிவுன்னு சொல்ற மாதிரி சொல்றா. சாகப்போற தங்கச்சிகிட்ட விரல் மாட்டிக்கும்னு ஒருத்தி சொல்லுவாளா? நடிப்பே இல்ல.

வில்சன் கண்ணைத் துடைச்சான். ஏசியில தூசிங்க அங்க, சுத்தமே பண்றதில்ல. மாதங்கி திரும்பி சுவரைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒரே டேக். இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாமேன்னு நான் சொன்னேன். யாரும் காதுல வாங்கல.

எனக்குக் கையெல்லாம் வேர்த்துருச்சு. ஏன்னு கேக்காதீங்க, சர்க்கரை இருக்கு எனக்கு.

டீ வந்துச்சு. மாதங்கி என் பக்கத்துல நின்னுக்கிட்டு, "எப்படி மேடம் இவங்களை இத்தனை வருஷம் யாரும் கூப்புடாம விட்டாங்க?"ன்னுச்சு. கேட்டது அது. நானா ஆரம்பிக்கல. "உனக்குத் தெரியாதாம்மா? அவளுக்குத் தொண்டையில கட்டி. அப்பவே ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க. இன்னும் ரெண்டு நாள் அலற வேண்டிய காட்சியெல்லாம் பாக்கி இருக்கு போல. நடுவுல குரல் போச்சுன்னா உன் படம் என்ன ஆகும்? நான் சொன்னேன்னு காட்டிக்காதே"ன்னேன். அக்கறைங்க. வேற என்ன?

அந்தப் பொண்ணு வில்சனைப் பாத்துச்சு. வில்சன் மேசையைப் பாத்தான். உள்ள இருக்குறவங்களோட பேசுறதுக்கு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினா நாம பேசுறது அவங்க காதுல விழும். அந்தக் கடங்காரன் டீ வாங்குற அவசரத்துல அதை அணைக்காம விட்டிருக்கான். நான் திரும்பிப் பாத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ ஹெட்போனோட நின்னுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா.

கோபம்னு ஒண்ணு இருக்கணுமே மூஞ்சில? இல்ல. பஸ்ஸுக்கு நிக்குற மாதிரி நிக்குறா.

மைக்குல சொன்னா: "எனக்கு ஒண்ணும் இல்ல மாதங்கி. அடுத்த சீன் போலாம்."

மாதங்கி என்னைப் போகச் சொல்லிருச்சு. "உங்க சிரிப்பு வேண்டாம் மேடம், ஒரிஜினல்ல எப்படி மௌனமா இருக்கோ அப்படியே விட்டுறலாம்"னுச்சு. என்னை! அந்த மௌனத்தைத்தான் இப்ப பேப்பர்ல ஆகா ஓகோன்னு எழுதுறானுங்க. அதோட விட்டுச்சா? டப்பிங் கலைஞர் சங்கத்துக்கு எழுதிப் போட்டுருச்சு. சக கலைஞரைப் பத்திப் பொய் பரப்பி வேலையைக் கெடுக்கப் பாத்தாங்கன்னு. சங்கத்துல விசாரணை வச்சாங்க. எனக்கு! இருபத்தஞ்சு வருஷம் சந்தா கட்டினவளுக்கு!

செயலாளர் அப்பாத்துரை நல்லவர்தான், ஆனா வழவழா. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவ, நடுவுல மேசை. "அம்மா தாட்சாயணி, பாதிக்கப்பட்டது நீங்க. நீங்க எழுத்துல புகார் குடுத்தாத்தான் நாங்க மேல நடவடிக்கை எடுக்க முடியும். குடுத்தா இவங்க உறுப்பினர் கார்டு ரத்தாகும். யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார்.

நான் தயாரா வந்திருந்தேன். அவ என்ன கேட்டா என்ன பதில்னு ராத்திரி பூரா எழுதி வச்சிருந்தேன், நாலு பக்கம். டாக்டர் வீக்கம்னு சொன்னது, நான் சமைச்சுப் போட்டது, எல்லாம்.

அவ, "புகார் ஒண்ணும் இல்ல சார்"ன்னா.

அப்பாத்துரைக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "அம்மா, இது இன்னைக்கு நேத்து விஷயம் இல்லன்னு மாதங்கி மத்த ஸ்டுடியோல விசாரிச்சுட்டுச் சொல்றாங்களே. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் இதே பேச்சுதான் உங்களை..."

"தெரியும் சார்"ங்கிறா. "சம்பந்தம் சார் பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்க கடைக்குத்தான் வந்தார். ஸ்பீக்கர்ல கேட்டு அடையாளம் கண்டுபுடிச்சு வந்து, 'தொண்டை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?'ன்னார். என்ன ஆபரேஷன் சார்னேன். அவர் அப்படியே முழிச்சார். அப்புறம் அக்கா சொன்னதுன்னு சொல்லிட்டார். ஒன்பது வருஷம் ஆச்சு."

ஒன்பது வருஷம்! கணக்குப் போட்டுப் பாருங்க. ஒன்பது தீபாவளி. தெரிஞ்சுக்கிட்டே வந்திருக்கா. தெரிஞ்சுக்கிட்டே என் நாற்காலியில உக்காந்து, என் காபியைக் குடிச்சு, "டிவில உங்க சிரிப்பு கேட்டேங்கா, நல்லாருந்துச்சு"ன்னிருக்கா. எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம்!

"பின்ன ஏம்மா அப்பவே சொல்லல?"ன்னார் அப்பாத்துரை.

"மூணு மாசம் அக்கா வச்ச ரசத்தைக் குடிச்சேன் சார். அது நல்லாத்தான் இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னா. பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டா.

நான் பின்னாடியே ஓடினேன். சங்கத்துப் படியில புடிச்சேன். உச்சி வெயில். கீழ இளநி விக்கிறவர், ரெண்டு டிரைவர், எல்லாரும் பாக்குறாங்க. "நில்லுடி"ன்னேன். நின்னா.

"திட்டுடி. ஒரு வார்த்தை திட்டு."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? என் வாழ்க்கையைக் கெடுத்துட்டியேடின்னு கேளு. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேளு. உள்ள பெரிய மகராசி மாதிரி புகார் இல்லன்னுட்டு வர்றே? எனக்கு நீ பிச்சை போடுறியா?"

அவ என் மூஞ்சியவே பாத்தா. அறைஞ்சுட்டேன். ஆமா, அறைஞ்சேன், மறைக்கல. கண்ணாடி தெறிச்சு ரெண்டு படி கீழ போய் விழுந்துச்சு. இளநிக்காரர் "ஏம்மா, ஏம்மா"ன்னு கத்தியை வச்சுட்டு வந்தார். அவ அவரைப் பாத்து ஒண்ணுமில்லைங்கன்னு கையைக் காட்டிட்டு, இறங்கிப் போய்க் கண்ணாடியை எடுத்தா. ஒரு காம்பு வளைஞ்சிருந்துச்சு. நிதானமா நிமித்தி, முந்தானையில துடைச்சு, மாட்டிக்கிட்டு மேல வந்தா. கன்னத்துல என் விரல் பதிஞ்சிருக்கு.

கிட்ட வந்து, மெதுவாத்தான் சொன்னா. அவ என்னைக்கு சத்தம் போட்டுப் பேசியிருக்கா?

"நான் புகார் குடுத்தா உங்க கார்டு போகும்க்கா. அப்புறம் நீங்க வீட்டுல உக்காந்து, தாட்சாயணி என்னை ஒழிச்சுட்டான்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு நிம்மதியா இருப்பீங்க. அந்தச் சௌகரியத்தை நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன். நீங்க வேலைக்கு வாங்க. நானும் வருவேன். அதே ஸ்டுடியோ, அதே வராண்டா. தினமும் பாப்போம்."

சொல்லிட்டு ஷேர் ஆட்டோவுல ஏறிப் போயிட்டா.

கேட்டீங்களா? நல்லவ, நல்லவன்னாங்களே! இதுதான் அவ. உள்ள எவ்வளவு வச்சிருந்திருக்கா பாருங்க. நானாவது மனசுல பட்டதை வாயில சொல்றவ. அவ ஒன்பது வருஷம் அடை காத்திருக்கா.

ஒரு வார்த்தை, அன்னைக்கு அந்தப் படியில ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தான்னா, நான் அங்கேயே உக்காந்து அழுதிருப்பேன். கால்லகூட விழுந்திருப்பேனோ என்னவோ. அதுக்கு விட்டாளா?

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். கார்டை மேசையில வச்சேன். வேண்டாம்மா, யாரும் உங்களைப் போகச் சொல்லலையேன்னார் அப்பாத்துரை. விலகல் ஃபாரத்தைக் குடுங்கன்னேன். அதுல விலகுறதுக்குக் காரணம்னு ஒரு எடம் இருக்கு. தாட்சாயணின்னு எழுதினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிட்டு ஒரு தடவை படிச்சார். பேனாவை எடுத்து அதை அடிச்சுட்டு, மேல 'சொந்தக் காரணம்'னு எழுதிக்கிட்டார். என் கண்ணு முன்னாலயே.

வீட்டையும் காலி பண்ணிட்டேன். மேல இருக்குற ரெண்டு பெட்டியும் என்னோடதுதான். மதுரையில இறங்கித் தென்காசிக்கு பஸ். அங்க என் தம்பி இருக்கான், தம்பி பொண்டாட்டி இருக்கா. இத்தனை வருஷமா டிவில பேசினியே, ஏன் வந்துட்டேன்னு கேப்பாங்க. கேக்கத்தானே செய்வாங்க? ஏதாவது சொல்லணும்ல?

கூட இருந்த ஒருத்தி என்னை ஒழிச்சுட்டான்னு சொல்லப்போறேன். தாட்சாயணி. பேரை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. இந்தப் படத்தைப் பத்தி யாராவது உங்ககிட்ட பேசினாங்கன்னா நீங்களும் இதையே சொல்லுங்க.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? சொல்லுவீங்கல்ல?